மூட்டை காத்தவர் மறுபடி மைசூர் போதல்: ஓர் ஆய்வு

அறுபதைக் கடந்த ஒருவர், "மைசூருக்கு இன்னொரு தடவை தனியாப் போயிட்டு வரலாம்னு பாக்கறேன்" என்று வாய் திறந்தால், வீட்டில் உடனே கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: "அதான் பாத்தாச்சே?" கேட்பவர் மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்கும் மகளாகவும் இருக்கலாம். கேள்வி எளிது. ஆனால் அவர் மைசூரை ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்னும் நிறுவப்படாத துணிபு ஒன்று அதற்குள் பதுங்கியிருக்கிறது. கல்வெட்டுக்கும் சுவடிக்கும் ஆண்டு கணிக்கும் நம் அறிஞர் உலகம் இத்துணிபைச் சோதிக்காமல் விட்டுவைத்தது வியப்புக்குரியது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. குடும்பத்தோடு மைசூர் போனவர் எவரும் மைசூரைப் பார்த்ததில்லை. ஆகவே முதுமையில் தனியே அங்குத் திரும்பிச் செல்பவர் உண்மையில் முதன்முறையாகச் செல்கிறார் என்பதே இதன் கருதுகோள்.

முதலில் ஆய்வெல்லை. மறுபடி போகத்தக்க அயலூரைப் பற்றிப் பேசப் புகுந்தவர் பாரிஸையோ லண்டனையோ எடுத்துக்கொள்ளாமல் மைசூரை எடுப்பது ஏன், அது அயலூரா என்பாரும் உளர். அற்றேல், அயல் என்பதை எதைக் கொண்டு அளப்பது? அரசைக் கொண்டு எனின், பொருந்தாது. 1947 வரை மைசூர் தனிச் சமஸ்தானம். அப்போதும் சத்தியமங்கலத்துக்காரர் எவரும் கடவுச்சீட்டோடு திம்பம் மலை ஏறியதாகத் தெரியவில்லை. எல்லைக் கோட்டைக் கொண்டு எனின், அதுவும் பொருந்தாது. இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; ஊர் இருந்த இடத்திலேயே இருக்கக் கோடுதான் இடம் மாறியது. தமிழர் நடைமுறையைக் கூர்ந்து நோக்கினால், எந்த ஊருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறோமோ அதுவே அயலூர். இறங்கிய இடத்தில் இட்லியும் தோசையும் தாராளமாகக் கிடைக்கும் என்று தெரிந்தும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் புளியோதரையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு காவேரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்த குடும்பங்கள், மைசூரை அயலூராகவே மதித்தன என்பதற்கு வேறு சான்று வேண்டா. துணைச் சான்று ஒன்றும் உண்டு. 1897இல் பழைய மர அரண்மனை ஒரு திருமணத்தின்போது எரிந்துபோக, 1912இல் முடிந்த புது அரண்மனையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டி முடித்ததில் பெரும்பங்கு அவருடையது. மைசூரில் அவர் வேலையைக் கண்டு வாய் பிளக்கும் சென்னைவாசி, பாரிமுனையில் பேருந்துக்கு நிற்கையில் அதே கையின் கோபுரங்களைப் பார்த்து வாய் பிளப்பதில்லை. அயலூரில் மட்டுமே வாய் பிளக்கப்படும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இனிக் கருதுகோள். குடும்பச் சுற்றுலா என்பது ஒரு வேலைப் பிரிவினை. ஒருவர் டிக்கெட் வரிசையில் நிற்கிறார். ஒருவர் தலை எண்ணுகிறார். ஒருவர் மூட்டை காக்கிறார். பெரியப்பா, சித்தி என்று உறவுமுறை எதுவாயினும், வளர்ந்தவர் ஒவ்வொருவரும் இம்மூன்றில் ஏதேனும் ஒரு பதவியை வகிக்கிறார். பெரும்பாலான தாய்மார்கள் இரண்டை வகிக்கிறார்கள். அரண்மனைக் கல்யாண மண்டபத்தில், கிளாஸ்கோவில் செய்வித்த வண்ணக் கண்ணாடி விதானத்தில் மயில்கள் தோகை விரித்து நிற்கின்றன. தலை எண்ணுபவர் அதன் அடியில் நின்று எண்ணியது மயில்களை அன்று. "நம்ம பசங்க ஒம்பது பேரும் இருக்காங்களா?" என்பதே அம்மண்டபத்தில் தமிழில் அதிகம் கேட்கப்பட்ட வாக்கியமாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தவரோ சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தர்பார் மண்டபத்தைக் கடந்துவிட்டார்.

இதற்கு முதல்நிலைச் சான்று வேண்டுவோர் தத்தம் வீட்டுப் போட்டோ ஆல்பத்தைப் புரட்டலாம். அரண்மனைக்குள் படம் எடுக்க நெடுங்காலம் தடை இருந்ததால், பழைய ஆல்பங்களில் இருப்பது வெளிமுகப்பு மட்டுமே. அம்முகப்பும் பின்னால் எங்கோ கட்டைவிரல் அளவில் நிற்க, முன்னால் வெயிலுக்குக் கண் சுருக்கிய ஒரு வரிசை. அதில் அப்பா இல்லை. அவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். அம்மா இருக்கிறார், ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. சட்டத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குழந்தையைப் பார்க்கிறார். இடது ஓரத்தில் நான்கு பைகள், ஒரு கூஜா, பக்கத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கைதான் மூட்டை காத்தவர். வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

நேரக் கணக்கும் கருதுகோளை வலுப்படுத்துகிறது. ஒருநாள் சுற்றுலா என்றால் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், பொழுது சாயும்போது பிருந்தாவனம் என்பது பல தலைமுறைகளாக மாறாத நியதி. அரண்மனையின் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளும் முழுதாக ஒளிர்வது தசராவை விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும்தான். அதுவும் மாலை ஏழு மணியளவில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக. ஏறக்குறைய அதே நேரத்தில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பிருந்தாவனத்தில் நீரூற்று இசைக்கு ஆடுகிறது. ஒரே மாலையில் இரண்டையும் பார்த்தேன் என்பவரைக் குறுக்கு விசாரணை செய்தால், ஒன்றைப் பார்த்தது காலண்டரில் என்பது வெளிப்படும். பிருந்தாவனத்துக்குப் போனவர்தாம் எதைப் பார்த்தார்? மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்த காலத்தில் உருவான அத்தோட்டத்தில் எல்லோரும் நீரூற்றைப் பார்த்து நிற்க, அணை மதிலுக்கு அப்பால் காவிரி இருக்கிறது. கிருஷ்ணராஜ சாகரின் முழு நீர்மட்டம் 124.8 அடி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் தஞ்சாவூர்க்காரர், ஜூன் பிறந்தால் செய்தித்தாளில் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுபவர், அங்கே போய்ப் பச்சை விளக்கில் எழும்பும் குழாய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். இதனினும் வலிய சான்று இத்துறையில் கிடைப்பது அரிது.

பார்த்ததாகச் சொல்பவையும் பெரும்பாலும் கேட்டவையே. ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரக்கூடத்தில் விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தைப் பார்த்ததாகச் சொல்வோர், ரவி வர்மா எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார் என்று மெய்சிலிர்க்கிறார்கள். அதை வரைந்தவர் எஸ். எல். ஹல்தங்கர். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள் என்பார்கள். ஏறினீர்களா என்றால் வேன் மேலேயே போய்விட்டது என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் ஒரே கல்லில் வடித்த நந்தி, படிவழியே முக்கால் தூரம் ஏறி மூச்சிரைக்க வருபவரின் எதிரே தோன்றுவதற்காகவே அங்கு அமர்த்தப்பட்டது. வேனில் வந்தவருக்கோ அது இறங்கும் வழியில் பத்து நிமிட நிறுத்தம்.

வாங்கி வந்த பொருள்கள் சான்றாகுமே எனின், ஆகா. மைசூர் சாண்டல் சோப்பு செய்யப்படுவது பெங்களூரில். மைசூரில் 1916இல் தொடங்கியது சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை. வாயில் வைத்தால் கரையும் நெய் மைசூர்பா கோயம்புத்தூரின் கைவண்ணம். அரண்மனைச் சமையலறையில் காகாசுர மாதப்பா செய்ததாகச் சொல்லப்படும் மூலப் பண்டம் கொஞ்சம் பல்லுக்கு வேலை வைப்பது. அவர் வழிவந்தோரின் கடை சயாஜிராவ் சாலையில் இருக்கிறது, ஆனால் வேன் அங்கே நிற்கவில்லை. ஆக, ஒரு குடும்பம் மைசூர் போகாமலே மைசூர்ப் பொருள்களோடு வீடு திரும்ப இயலும். இயலும் என்பதே ஆய்வுக்குப் போதும்.

இங்கே ஒரு கிளைவழி. மூட்டை காத்தவருக்கு மைசூர் மீது தனிப் பற்று ஏன் என்று கேட்பார்க்கு, அவ்வூரே தமிழுக்கு மூட்டை காத்த ஊர் என்பது விடை. ஊட்டியில் இருந்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் அதனோடு போயின. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல்தான் உத்தரவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் நம் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மைசூர். செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையமும் 2006இல் அங்குள்ள இந்திய மொழிகளின் மைய நிறுவனத்தில்தான் தொடங்கி, 2008இல் சென்னை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்துதான் மைசூர் நூலகத்தின் சாம சாஸ்திரி 1905இல் அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்தார். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணை நெடுங்காலம் வைத்திருந்து, யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீட்டை 2016இல் அருங்காட்சியகமாகவும் ஆக்கியது. காவிரியையும் அது காத்துத்தான் வைத்திருக்கிறது. உரிய நேரத்தில் திருப்பித் தருகிறதா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, நடுவர் மன்றங்களுக்கு உட்பட்டது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு முழங்காலைப் பற்றியது: பார்க்கும் வயதில் பார்க்காமல் இப்போது போய் என்ன பார்ப்பது என்பர். இது இடத்துக்கு இடம் ஓடுவதே பார்ப்பது என்னும் வேன் ஓட்டுநரின் கொள்கை. முழங்கால் நோகிறவர் ஓரிடத்தில் உட்கார்வார், உட்கார்ந்தால் பார்ப்பார். மலைக்குப் பேருந்தில் ஏறி, நந்தி வரைக்கும் மட்டும் படியில் இறங்குவதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை. ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலுக்குக் கேடு என்று மருத்துவர் கூறின், நந்திக்குச் சாலையும் உண்டு. இரண்டாம் மறுப்பு, ஊர் மாறிவிட்டது, பழைய மைசூர் இல்லை என்பது. லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்தது, தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016இல் சரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் "முன்ன மாதிரி இல்ல" என்று சொல்வதற்கு முன்னே எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தேவராஜ மார்க்கெட்டில் எந்தச் சந்தில் வெற்றிலை, எந்தச் சந்தில் மல்லிகை, நஞ்சன்கூடு ரஸபாளை வாழைத்தார் எங்கே தொங்குகிறது என்று அன்று கவனிக்காதவர், இன்று சரிந்த பகுதிக்காக விடும் பெருமூச்சு ஆதாரமற்றது.

மூன்றாம் மறுப்பு கனமானது, கருதுகோளின் அடிமடியில் கை வைப்பது. டிக்கெட் எடுத்தவரும் தலை எண்ணியவரும் பார்க்கவில்லை என்பது சரி. ஆனால் மூட்டை காத்தவர் இரண்டு மணி நேரம் அரண்மனை வளாகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அவர் பார்த்திருப்பாரே? இதை எளிதில் தள்ள முடியாது. எந்த வழிகாட்டி எந்த மொழிக்குத் தாவுகிறார், பலூன்காரர் எந்தக் குழந்தையைக் குறிவைக்கிறார், யானையைக் கண்டு அழாத குழந்தை எந்த வயதினது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆயினும் அவர் பார்த்தது ஒரே திசையை. ஒரு கண் எப்போதும் பைகளின் மேல் இருந்ததால் அதிலும் பாதியை. அவ்வரைக் கண்ணளவு அறிவை விலக்காகக் கொண்டு, மைசூரை ஓரளவு பார்த்தோர் மூட்டை காத்தவர் மட்டுமே என்று கருதுகோளைத் திருத்தலாம். திருத்தினால் அது பலவீனப்படுவதில்லை. ஏனையோர் அனைவரும் இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை என்பது உறுதிப்படுகிறது.

ரயில்வே துறைக்கு இது முன்பே புரிந்திருந்தது போலும். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. பெண்களுக்கு ஏன் பத்து விழுக்காடு கூடுதல் என்பதற்கு, முதல் பயணத்தில் அவர்கள் பார்த்தது இன்னும் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இவ்வாய்வுக்குப் புலப்படவில்லை. 2020 மார்ச்சில் அச்சலுகை நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு ஈடாக 2022 நவம்பரில் சென்னையிலிருந்து வந்தே பாரத் வந்தது என்பார் உளர். வேகம் கூடியது உண்மை. வேகம் கேட்டவர் எவர் என்பது தெரியவில்லை.

கோட்பாட்டிலிருந்து ஒரு நடைமுறைக் கணிப்பும் பிறக்கிறது. மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று குழந்தைகளைக் கூட்டிவரும் குடும்பங்கள் குறையும். ஆகவே மயில் விதானத்தின் கீழ் தலை எண்ணும் ஒலி இராது. விளக்குகளைப் பார்க்கவோ ஞாயிறு மாலையே ஊரில் இருந்தாக வேண்டும். நடுவில் வரும் திங்கள், மார்க்கெட்டுக்கும் காவிரிக்கும் போதும். எனவே தனியே செல்லும் மூத்தவர் ஞாயிறு பகலில் மைசூர் சேர்ந்து, லாட்ஜில் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு, புதன் காலைதான் கிளம்ப வேண்டும். மூன்று இரவு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பவரிடம் பழைய ஆல்பத்தை எடுத்துக் கொடுத்து, அந்த முழங்கை யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவர்கள் தேடி முடிப்பதற்குள் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியிருக்கும்.