மதிப்பெண் வந்தாச்சு, அப்புறம்?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பூக்கடைகள் பற்றிய என் இளங்கலை ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிட்டது. அதை மாணவர் ஆய்விதழில் வேறு வெளியிட வேண்டுமா?

பதில்: கட்டாயம்! தொடுத்த மாலையை யாருக்கும் போடாமல் பெட்டியில் பூட்டுவார்களா? சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே வானியற்பியலாளர் சந்திரசேகர் தன் கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929இல் ராயல் சொசைட்டி இதழில் அது வெளிவந்தது. பிறகு அதே ஃபௌலரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். (நோபல் பரிசு 1983இல்தான், அவசரமில்லை!) மாணவர் இதழிலும் மதிப்பீட்டாளர், “இதற்கு ஆதாரம் எங்கே?” என்று குடைவார். குடையட்டும். நீங்கள் மறுபடி தேக்கா பூக்கடைகளுக்குப் போவீர்கள். பூக்கட்டும் அக்கா முதல்முறை சொல்லாமல் விட்டதைச் சொல்வார். அந்தப் பத்திதான் உங்கள் கட்டுரையிலேயே சிறந்ததாக இருக்கும். அவர் பெயரைப் போட மட்டும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிடுங்கள்.