எந்த சேனல் சார்?

வேங்கிக்காலில் ஒரு ஆள் வெறுங்கையோடு நின்று பழைய சுவர் ஒன்றை உற்றுப் பார்த்தால், தெருவே அவனை உற்றுப் பார்க்கும். அதே ஆள் கழுத்தில் கேமராவோடு நின்றால் பக்கத்துக் கடையிலிருந்து ஸ்டூல் வரும். பின்னாலேயே கடைக்காரரும் வருவார்.

1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது எங்கள் வேங்கிக்காலில்தான். திங்கட்கிழமை மனு நாளில் அந்தப் பக்கம் கேமராவோடு போனால் தீர்ந்தது.

“எந்த சேனல் சார்?”

“சேனல் இல்லீங்க. சும்மா எடுக்கறேன்.”

“சும்மாவுக்கா இவ்ளோ பெரிய கேமரா?” என்று சந்தேகத்தோடு கேட்டுவிட்டு, மனுவோடு வந்தவர் பட்டா மாறாத கதையைத் தாத்தா காலத்திலிருந்து தொடங்குவார். ஏரிக்கரைக்குப் போனால் கேள்வி மாறும்: “அளக்க வந்தீங்களா? ரோடு வருதா?”

1950 ஏப்ரலில் ரமணாசிரமத்துக்கு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் வந்திருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர். கையடக்க லைக்காவை வைத்துக்கொண்டு, எடுப்பதே தெரியாமல் எடுப்பதில் உலகப் புகழ் பெற்றவர். வேங்கிக்காலில் அவர் பாச்சா பலித்திருக்காது.

கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். ராஜகோபுரம் 217 அடி. முழுசாகப் படத்துக்குள் அடங்க வேண்டுமென்று பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் தம்பி, “இன்னும் ரெண்டு அடி போனீங்கன்னா நேரா பெரியாஸ்பத்திரிதான்” என்று தடுத்து நிறுத்தினார். கூடவே, “ராஜராஜ சோழன் கட்டினது சார்” என்று இலவசமாக ஒரு தகவலும் கொடுத்தார். நம் ஊரில் உயரமாக இருப்பதெல்லாம் ராஜராஜன் கட்டியது, ஒழுகாமல் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது. ராஜராஜன் காலமாகி 500 வருஷம் கழித்து கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த கோபுரம் அது. ஆனால் அந்தத் தம்பி தப்பாகச் சொன்னதால்தான் நான் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன்.

சரியாகச் சொன்னவர் ஒரு பாட்டி. கந்தாஸ்ரமம் போகிற வழியில் நின்றால் கோயில் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர், “எந்த கோபுரத்த எடுக்கற?” என்றார். காட்டினேன்.

“அது வல்லாள ராஜா கோபுரம். புள்ளயில்லாத ராஜா. சாமியே புள்ளயா இருந்து, மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு ஆத்துல திதி குடுக்குது.”

விசாரித்தால் வல்லாளர் கதை மட்டுமில்லை, சரித்திரமும்கூட. ஹொய்சள அரசர் மூன்றாம் வீரவல்லாளர். துவாரசமுத்திரத்தின் மேல் டெல்லிப் படை பாய்ந்த பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டவர். 1340-களில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் உயிர்விட்டார். இத்தனையும் பாட்டி கணக்கில் ஒரு வரி. சொல்லி முடித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “என்னையும் ஒண்ணு எடு. ஆதார்ல எடுத்தது பேயாட்டம் இருக்குது.”

கன்னட நாட்டு ராஜாவுக்கு இங்கே இன்றும் திதி நடக்கிறது. எங்கள் வீட்டிலோ கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் மூன்று சித்தப்பாக்களும் மூன்று பெயர் சொல்கிறார்கள். வருகிற பொங்கலுக்கு மூவரையும் வரிசையாக உட்காரவைத்து கேமராவைத் திருப்பப் போகிறேன். போட்டோ என்றால் சித்தப்பாக்கள் சட்டையையும் மாற்றுவார்கள், பேச்சையும் மாற்றுவார்கள்.