கேபிள் மாமா

புது மானிட்டரை லேப்டாப்போடு இணைத்தேன். ‘நோ சிக்னல்’ என்று சொல்லிவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது. மனைவியிடம்கூட இன்னும் நான் சொல்லவில்லை, அதற்குள் அழைப்பு மணி. எங்கள் குடியிருப்பில் எந்தத் திரை இருண்டாலும் கேபிள் மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

மாமா இல்லாத குடியிருப்பு கிடையாது. ஊருக்கு ஊர் பெயர் மாறும், மஞ்சப்பை மாறாது. எங்கள் மாமாவின் பையில் வெளியே யாரோ ஒரு தம்பதியின் கல்யாணத் தேதி. உள்ளே முப்பது வருஷத்துக் கேபிள்கள், ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி.

“எப்போ போச்சு?” துக்கம் விசாரிக்கும் குரல்.

“இன்னும் வரவே இல்ல மாமா.”

“அப்போ பிறவிக் கோளாறு.”

பையிலிருந்து முதலில் வந்தது நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள். “1987-ல வந்தது. 15 பின். ரெண்டு பக்கமும் திருகு. முறுக்கிட்டா பூகம்பமே வந்தாலும் கழலாது.”

என் லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை என்றேன்.

“தெரியும். மரியாதைக்காக எடுத்துக் காட்டினேன்.”

அடுத்து டைப்-சி துளைக்கு டார்ச் அடித்தார். “இப்போ எல்லாத்துக்கும் ஒரே ஓட்டைன்னு வச்சுட்டான். முகம் ஒண்ணு, குணம் வேற. சிலது படம் காட்டும். சிலது சார்ஜ் மட்டும் ஏத்தும். கேபிளுக்கும் இதே ஜாதகம்தான். போன் சார்ஜரோட வந்த ஒயரை நம்பிப் படம் கேட்கக் கூடாது.” நான் செருகியிருந்தது போன் சார்ஜரோடு வந்த ஒயர்தான். சொல்லவில்லை.

ஒரு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மாமாவின் வைத்தியத்தில் இல்லை. ஒயரைக் கழற்றி எச்டிஎம்ஐ மாட்டினார். மானிட்டரின் அடிவயிற்றைத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து ‘இன்புட்’டை மாற்றினார். விண்டோஸ் பொத்தானோடு ‘பி’யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்றார். கடைசியில் லேப்டாப்பையே அணைத்துப் போட்டார். நடுவில் ஒரு காப்பி.

திரை பளிச்சென்று வந்தது!

“எதுல மாமா கோளாறு?”

“குழந்தை பிழைச்சாச்சு. வியாதி பேரு எதுக்கு?”

தொழில் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. எந்த மருந்து கேட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை மஞ்சப்பைக்கு என்ன வேலை?

ஒரு குறைதான் மிச்சம். மானிட்டர் லேப்டாப்புக்கு வலப்பக்கம் இருந்தது. மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்புக்குறி விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் தள்ளினால் மானிட்டருக்குள் போய் முளைத்தது. மாமா நெற்றியைச் சுருக்கினார். எழுந்தார். மானிட்டரை அலாக்காகத் தூக்கி இடப்பக்கம் வைத்தார்.

“இப்போ சரியாப் போறதா?”

போயிற்று. ஆனால் இடப்பக்கம் ஜன்னல், வெயில். அதனால் மேஜை நகர்ந்தது. மேஜைக்காக பீரோ நகர்ந்தது. பீரோவைத் தள்ள வாட்ச்மேன் வந்தார். இரண்டாவது காப்பியும் முடிந்து மாமா கிளம்பினார்.

என் மகள் மெல்ல வந்து பார்த்தாள். “செட்டிங்ஸ்ல அந்த ரெண்டாம் நம்பர் கட்டத்தைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்து விட்டிருந்தா போதுமேப்பா.”

“மெதுவாப் பேசு,” என்றேன். வெளியே மஞ்சப்பை இன்னும் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.