ஈரத்துணியும் ஈர் நாடுகளும்: ஓர் ஒப்பாய்வு

புலம்பெயர் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் விசா, சம்பளம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பெரிய விஷயங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். துவைத்த துணி எங்கே காய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை இதைவிடக் கறாராக ஆள்வது வேறொன்றுமில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள். எடுத்துக்கொண்ட மாதிரி ஒரே ஒரு குடும்பம். முதலில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கும், பின்னர் மெல்பர்ன் புறநகர் ஒன்றில் கடனுக்கும் குடியிருந்தது. மாதிரி போதாது என்பவர்கள் அவர்களுடைய அழுக்குக் கூடையைப் பார்த்ததில்லை.

முதலில் மழையை வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். பிரிட்டனில் துணி காயாததற்கு மழைதான் காரணம் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. சிட்னியில் அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. சென்னையில் இன்னும் அதிகம். மழைக் கணக்குப்படி உலகில் முதலில் காய வேண்டியது லண்டன்காரரின் வேட்டி. உண்மைக் குற்றவாளி சூரியன். டிசம்பர் நடுவில் அங்கே காலை எட்டு மணிவாக்கில் தலைகாட்டிவிட்டு, பிற்பகல் நான்கு அடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. காற்றோ ஏற்கெனவே வயிறு முட்ட ஈரம் குடித்திருக்கும். நம் துண்டிலிருந்து ஒரு சொட்டுகூட வாங்கிக்கொள்ளாது.

ஆகவே துணி வீட்டுக்குள் வருகிறது. அங்கே வாஷிங் மெஷின் பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கும். துவைக்கும் இடமும் தாளிக்கும் இடமும் ஒன்றானதால், பெருங்காய வாசனையுடன் அலுவலகம் போன தமிழர்களின் வரலாறு தனி நூலாக எழுதத் தக்கது. வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஓர் அலமாரி கட்டி, அந்தச் சூட்டில் துணியை உலர்த்தும் நல்ல வழக்கம் பழைய வீடுகளில் இருந்தது. தொட்டி வேண்டாத புதுவகை பாய்லர் வந்தது, அலமாரி போனது. மிஞ்சியது ரேடியேட்டர். அதன் மேல் யாருக்கு இடம் என்பதில் கடுமையான படிநிலை உண்டு: நாளைக்குப் போட வேண்டிய பள்ளிச் சீருடைக்கு முதல் மரியாதை, அடுத்து அலுவலகச் சட்டை, கடைசியில் குடும்பத்தலைவரின் பனியன். போர்வைக்கு ரேடியேட்டர் போதாது. கதவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. ஈரமெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் வழிந்து, சுவர் மூலையில் கரும்பூஞ்சையாகக் குடியேறுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். மூடு என்கிறது கேஸ் பில். ஏப்ரலில் ஒரு நாள் வெயிலடித்துக் காற்றும் வீசினால், அதுவரை வாய் திறக்காத பக்கத்து வீட்டு மூதாட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, துணி காய நல்ல நாள் என்கிறார். நட்பு அன்றுதான் தொடங்குகிறது.

இனி ஆஸ்திரேலியா. துவைக்கத் தனி அறை, அதிலிருந்து பின்முற்றத்துக்கு ஒரு கதவு, முற்றத்தின் நடுவில் குடைக்கம்பிபோல் விரிந்து சுழலும் இரும்புக் கொடி. லான்ஸ் ஹில் என்பவர் 1945இல் அடிலெய்டில் செய்யத் தொடங்கியது. பேரும் புகழும் அவருக்கே. ஆனால் 1920களிலேயே இத்தகைய சுழல்கொடிக்குக் காப்புரிமை பெற்றவர் கில்பர்ட் டாய்ன். அவரை யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சி உலகிலும் இதுதான் நடக்கிறது. ஜனவரியில் 40 பாகை தொடும் நாளில், இரண்டாவது ஈடு துவைத்து முடிவதற்குள் முதல் ஈடு அப்பளமாகிவிடும். மாலைக்குள் எடுக்க மறந்தால் நீலச் சட்டை வானத்தின் நிறத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

இதை வைத்து ஆஸ்திரேலியாவே மேல் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். 1945 முதல் 1972 வரை பெரியவர்களுக்குப் பத்து பவுண்டு கட்டணத்தில் பிரிட்டிஷ் குடும்பங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். வேல்ஸில் பிறந்த ஜூலியா கில்லர்டுக்குக் குழந்தைப் பருவத்தில் நுரையீரல் நோய். வெப்பமான ஊருக்குப் போங்கள் என்றார் மருத்துவர். 1966இல் குடும்பம் போய் இறங்கியது சுழல்கொடி பிறந்த அதே அடிலெய்டில். 2010இல் அவர் நாட்டின் பிரதமரானார். வெள்ளையரல்லாதாருக்கு அந்தப் பத்து பவுண்டுச் சலுகை கிடையாது. நம்மவர்கள் பின்னாளில் முழு விமானக் கட்டணம் கொடுத்து அதே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் கப்பலில் வந்தவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். ஜூலை மாதத்து மெல்பர்ன் படுக்கையறையை இவ்வாய்வாளர் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து, ரேடியேட்டர் என்ற பேச்சே இல்லை. லண்டனில் வெளியே குளிரும், உள்ளே கதகதக்கும். இங்கே ஸ்வெட்டரைக் கழற்ற வெளியே போக வேண்டியிருக்கிறது. குளிர்காலத் துணிக்கோ கொடியும் உதவாது, வீடும் உதவாது. அடுக்குமாடிக்காரர் பாடு இன்னும் மோசம்: பல கட்டடங்களில் பால்கனியில் துணி வெளியே தெரியக் கூடாது என்று விதியே உண்டு. நாட்டுக்கே பெருமையான கொடி. ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு ஜட்டி தெரிந்தால் கடிதம் வரும்.

கள ஆய்வின் மிக முக்கியமான கட்டம், மதுரையிலிருந்து மாமியார் வந்தபோது நேர்ந்தது. ஐந்தரை மீட்டர்ப் புடவையைச் சுழல்கொடியில் விரிக்க இடமில்லை. மடித்துப் போட்டார். தெற்கிலிருந்து காற்று கிளம்ப, கொடி சுழன்று, நடுக்கம்பம் புடவை கட்டிக்கொண்டு நின்றது. "மாப்பிள்ளை, இவ்வளவு இரும்பு எதுக்கு? பதினைந்து முழம் நைலான் கயிறு வாங்கிட்டு வாங்க" என்றார். வேலிக் கம்பத்துக்கும் எலுமிச்சை மரத்துக்கும் இடையே இழுத்துக் கட்டினார். புடவை முழு நீளத்துக்கு விரிந்து, காப்பி ஆறுவதற்குள் காய்ந்தது. சுழல்கொடியில் இப்போது சாக்ஸ் காய்கிறது. மற்ற நேரங்களில் பேரன் தொங்கிச் சுற்றுகிறான். காப்புரிமை கோரும் எண்ணம் மாமியாருக்கு இல்லை.