விதைக்கு மட்டும் விலக்கு

ஆடியில் நல்ல காரியம் எதுவும் கூடாது. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இத்தனை கெடுபிடியிலும் விதைக்கு மட்டும் விலக்கு உண்டு. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொல்லிவைத்த புண்ணியவான் நிச்சயம் கை அரிப்பெடுத்த தோட்டக்காரராகத்தான் இருந்திருப்பார்.

தைப்பட்டம், சித்திரைப்பட்டம் எல்லாம் உண்டுதான். ஆனால் சென்னையில் வெயில் மண்டையைப் பிளந்து ஓய்ந்து, சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்ததும் மொட்டை மாடிக்காரர்களுக்கு வரும் துள்ளல் ஆடிக்கே உரியது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து பையில் நிரப்பியதுமே எனக்குப் பத்து ஏக்கர் மிராசுதார் மிடுக்கு வந்துவிடும்.

அம்மா தினசரிக் காலண்டரோடு வருவாள். "இன்னிக்குக் கீழ்நோக்கு நாள்டா. கிழங்கு போடு, வெண்டை போடாதே."

"போட்டா என்னம்மா, கீழ்வீட்டு மாமியோட கூரையைப் பொத்துண்டு காய்க்குமா?"

"வாயைக் குறை. நாளைக்கு மேல்நோக்கு."

மறுநாள்தான் விதைப்பு. வெண்டை விதை மிளகு மாதிரி உருண்டு ஓடும். பாகல் விதையோ பட்டையாக, ஓடெல்லாம் செதுக்கல் வேலையோடு இருக்கும். ஓடு தடிமன் என்பதால் ராத்திரியே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கத்தரியும் மிளகாயும் பொடிசு. ஆழமாகப் புதைத்தால் மேலே வரத் தெம்பிருக்காது. மேலாகத் தூவி மண்ணை லேசாகப் போர்த்தினால் போதும்.

அதற்கப்புறம் தோண்டிப் பார்க்கக் கூடாது. தோட்டக்கலையின் முதல் விதி இது. எல்லோரும் மீறுகிற விதியும் இதுதான். விடியற்காலையில் பைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்பவனைப் பார்த்து எதிர்மாடிக்காரர், "மோதிரம் ஏதும் தொலைஞ்சுதா சார்?" என்பார். நாலைந்து நாளில் வெண்டை கூன் போட்ட முதுகால் மண்ணை முட்டித் தள்ளும். விதையோட்டைத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு சிலது எழுந்திருக்கும். அன்றைக்கு வீட்டில் யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

காய் விஷயம் வேறு. நாலு செடி வைத்தால் ஒருநாள் இரண்டு வெண்டைக்காய், மறுநாள் ஒன்று. சாம்பாருக்குத் தேறும்வரை ஃபிரிட்ஜில் சேமிக்க வேண்டும். மண், உரம், பை எல்லாம் கூட்டினால் அந்தச் சாம்பாரை நகைக்கடையில்தான் விற்க வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். உழாதவன் கணக்கே பார்க்கக் கூடாது.

விதையின் கணக்கே தனி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கியவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கு நூறு வட்டி. கட்டுவது என்னவோ மண்தான்!

ஆகவே நாட்டு விதையாக வாங்குங்கள். ஹைப்ரிட் விதைக்குப் பேரப்பிள்ளைகள் தாத்தா ஜாடையில் பிறக்காது. செடிக்கு ஒரு காயைப் பறிக்காமல் நெற்றாக விடுங்கள். அதிலிருக்கும் விதைகளில் பாதி அடுத்த ஆடிக்கு. மீதி எதிர்மாடிக்காரருக்கு, அவரும் குனிந்து நடக்கட்டும்.