நின்றால் நடுங்கும், போனால் அடங்கும்

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக் கார்களின் உடல்நிலை பாதைத் துறையில்தான் அம்பலமாகும். வாகனங்களை ஏற்றிக் கடக்கும் பாதை கரை தட்டியதும் வரிசையில் நின்ற எஞ்சின்கள் எல்லாம் ஒன்றாக உயிர்பெறும். எது சமர்த்தாக உறுமுகிறது, எது குளிர்காய்ச்சல் கண்டவரைப்போல் உதறுகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இன்று 396 மீற்றர் பாலத்தில் நின்று இளைப்பாறுவாரில்லை. நோயை மறைத்துக்கொண்டு வாழ்வது கார்களுக்கும் சுலபமாகிவிட்டது.

உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் ஜப்பான் காரை மட்டும் மான்கள் காட்டிக்கொடுத்தன. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் வீதியை மறித்து நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அசையாத சாதி அது. மாஸ்டர் பிரேக்கை மிதித்துக் காத்திருப்பார். உடனே ஸ்டியரிங் அதிரும், பின்பார்வைக் கண்ணாடியில் உலகம் இரண்டாகத் தெரியும், பக்கத்து ஆசனத்தில் மனைவியின் வளையல்கள் தாமாகத் தாளம் போடும். மான்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காரையே பார்க்கும்.

“நான் இறங்கி நடக்கிறன், நீங்கள் ஆடி ஆடி வாங்கோ” என்று அம்மையார் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டார்.

வைத்தியம் தொடங்கியது. முன்வீட்டுக்காரர் பெற்றோலில் கலப்படம் என்றார். சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு 2022இல் நாட்கணக்காகப் பெற்றோல் வரிசையில் கிடந்த மாவட்டம் இது. எதற்கெடுத்தாலும் பெற்றோலைத் திட்ட இவ்வூர்க்காரருக்கு முழு உரிமை உண்டு. மைத்துனர் காரை விற்றுவிடச் சொன்னார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை காணி விலையோடு போட்டி போட்டது. அப்போது விற்றால் பணம் கிடைத்திருக்கும், வேறு கார் கிடைத்திருக்காது.

உதிரிப்பாகக் கடைக்காரர் எஞ்சின் மவுண்டிங் என்று அடித்துச் சொன்னார். எஞ்சினைத் தாங்கும் இறப்பர் வெடித்தால் நடுக்கம் சட்டகத்துக்குள் இறங்கும் என்பது உண்மைதான். மாஸ்டர் மவுண்டிங் மாற்றினார். பிறகு நாலு பிளக்கும் மாற்றினார். கார் புது மவுண்டிங்கின் மேல், புதுப் பிளக்குகளோடு, பழையபடி நடுங்கியது.

கடைசியில் கிண்ணியாவில் ஒரு கராஜ். அங்கிருந்த நானா பொனற்றைத் திறக்கவில்லை. “எப்ப நடுங்குது சேர்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் பிரேக்கை மிதித்தபடி கியரை டியில் போடச் சொன்னார், பிறகு நியூட்ரலில். மவுண்டிங் மட்டும் போயிருந்தால் நியூட்ரலில் பெரும்பாலும் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஏசியை நிறுத்தியும் பார்த்தார், மாற்றமில்லை. காற்றுக் குழாய் வெடித்து ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தார். அதுவும் இல்லை. பிறகு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

“சேர், பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தட்டோ?”

டாஷ்போர்டில் மாஸ்டர் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

ஸ்கேனர் பி0303 என்றது: மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. நிரந்தரத் தீர்ப்பைப் போல இந்த எண்ணை மதித்து உடனே ஒரு பாகம் வாங்குகிறவர்கள் உண்டு. எண் இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. நானா பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியபோது எஞ்சின் தள்ளாடியது, இரண்டிலும் நான்கிலும் அப்படியே. மூன்றைக் கழற்றியபோது ஒன்றுமே நடக்கவில்லை. வேலைக்கு வராதவருக்கு லீவு கொடுத்தால் அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்?

இங்கே மாஸ்டருக்குக் கணக்குப் பிடிபட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றினால் செக்கனுக்கு 25 முறை எரிய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு ஆறேகால். ஒன்று படுத்துவிட்டால் செக்கனுக்கு ஆறு தடவைக்கு மேல் ஒரு பள்ளம் விழும், வளையல் அதற்குத்தான் தாளம் போட்டது. வேகம் கூடினால் பள்ளங்கள் நெருங்கி, உடம்புக்கு அவ்வளவாகத் தெரியாமல் போகும். எரியாத பெற்றோல் மட்டும் புகைக்குழாயில் இருக்கும் கற்றலிக் கொன்வேட்டரைச் சூடாக்கிச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். அதன் விலையைக் கேட்டால் மனிதரும் நடுங்குவார்.

இரண்டாம் கொயிலையும் மூன்றாம் கொயிலையும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்தார் நானா. கொயில் பழுதென்றால் நோயும் கொயிலோடு இடம் மாறியிருக்கும். மாறவில்லை. பிளக் புதிது. அடுத்துப் பார்க்க வேண்டியது வயர். இணைப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். செம்புப் பின்னில் பச்சைக் களிம்பு.

துறைமுகத்தைப் பார்த்த வீட்டில், கூரையில்லாமல், உப்புக் காற்றில் நிற்கும் கார். களிம்பைச் சுரண்டி, கிளீனர் அடித்து, காய்ந்ததும் கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூட்டினார். த்ரொட்டலில் படிந்திருந்த கரியையும் துடைத்தார். எஞ்சின் ஓடுகிறதா என்று மாஸ்டர் பொனற்றில் கை வைத்துப் பார்த்தார்.

“எவ்வளவு நானா?”

நானா சொன்ன தொகை ஒரு பிளக்கின் விலைக்கும் கீழே இருந்தது. மவுண்டிங்குக்குக் கொடுத்த காசை மாஸ்டர் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை.

கார் நடுங்கினால் எல்லாமே கோளாறு என்றும் சொல்ல முடியாது. ஓல்ட்டோ, வேகன்ஆர் போன்ற மூன்று சிலிண்டர் கார்கள் பிறவியிலேயே சற்று ஆடும், அதற்காகச் செலவழிப்பது வீண். நேற்றுவரை ஆடாத கார் இன்று ஆடினால்தான் கராஜுக்குப் போக வேண்டும். போகுமுன் எந்தக் கியரில், ஏசி போட்டா போடாமலா, விடியற்காலையிலா எஞ்சின் சூடேறிய பிறகா என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையாரையும் டாஷ்போர்டின் ஓரமாக எழுந்தருளச் செய்யுங்கள், நடுவில் விளக்குகள் இருக்கின்றன.