தரவும் சுரிதகமும்

கேள்வி: ‘தரவு, தரவு’ என்று எங்கும் முழங்குகிறார்களே, அது என்ன வஸ்து?

பதில்: தரப்பட்டது தரவு. லத்தீன் மொழியில் ‘டேட்டா’ என்பதற்கும் ‘கொடுக்கப்பட்டவை’ என்றே அர்த்தம். யாப்புப் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம்: கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர், தாழிசையும் தனிச்சொல்லும் தொடர்ந்து, சுரிதகத்தில் போய் அது முடியவேண்டும். (தரவு கொச்சகத்தைக் காட்டி என்னை மடக்க நினைக்கும் புலவர்கள் க்ஷமிக்க.) தரவோடு நின்றுவிடுகிறவர்கள் காரியாலயங்களில் அதிகம்.

கேள்வி: என் மனைவி சமையலறைக் காலண்டரில் பாலுக்குப் புள்ளி வைக்கிறாள். அதுவும் தரவுதானா?

பதில்: சந்தேகமென்ன? ஆனால் பால்காரர் மாதக் கடைசியில் வந்து, “முப்பது நாளும் ஊற்றினேன், அம்மா” என்று சொல்லும்வரை அது வெறும் மசி. புள்ளியில்லாத நான்கு கட்டங்களில் அம்மையார் விரலை வைக்கிற கணத்தில்தான் அது சாட்சியாகிறது. ஒரு சங்கடம்: பால் வராத நாளும், புள்ளி வைக்க மறந்த நாளும் காலண்டரில் ஒரே மாதிரிதான் வெறுமையாக இருக்கும். பால்காரருக்கு இது தெரியாதவரையில் உங்கள் குடும்பத்துக்கு க்ஷேமம்.

கேள்வி: இப்படிக் கணக்குப் பார்த்து எவராவது உருப்படியான காரியம் செய்ததுண்டா?

பதில்: 1854 ஆகஸ்டு கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா மூண்டபோது, துர்நாற்றமே அதற்குக் காரணம் என்று வைத்தியர்களில் பெரும்பாலோர் சாதித்துக்கொண்டிருக்க, தண்ணீரின்மேல் சந்தேகம் கொண்டிருந்த ஜான் ஸ்நோ என்ற டாக்டர், மரணப் பதிவு அலுவலகத்தில் 83 பேரின் பட்டியலைப் பெற்று, வீடு வீடாகச் சென்று விசாரித்து, அநேகமாக எல்லா மரணங்களும் பிராட் தெருவின் கைப்பம்பை அடுத்தே நிகழ்ந்தன என்று கண்டார். இதுவரை எந்தக் குமாஸ்தாவும் செய்யக்கூடியது. அவருடைய மேதை, பொருந்தாதவர்களைத் தேடிப் போனதில் இருக்கிறது. அதே தெருவின் மதுபான ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்பை நாடாமல் ஆலைச் சரக்கிலேயே தாகம் தணித்துக்கொண்ட புண்ணியவான்கள். மாறாக, ஹாம்ஸ்டெட்டில், காலரா எட்டிப் பாராத இடத்தில், ஒரு விதவை இறந்தாள். பிராட் தெருத் தண்ணீரின் ருசிக்காக அதை நாள்தோறும் வண்டியில் தருவித்துக் குடித்தவள் அவள். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் ஜனங்கள் ஓடிப்போனதால் நோயும் தணிந்திருந்தது என்று ஸ்நோவே எழுதினார். தம் வெற்றியைத் தாமே குறைத்துச் சொன்ன மனிதரை நான் நம்புகிறேன்.

கேள்வி: ஏராளமாகச் சேர்த்தால் உண்மை தானே வெளிப்படாதா?

பதில்: அதே பதிவு அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணர் ஸ்நோவைக் காட்டிலும் பன்மடங்கு சேர்த்து வைத்திருந்தார். தாழ்ந்த நிலப்பகுதிகளில் மரணம் அதிகம் என்று அவர் கண்டது சரி. கெட்ட காற்று அங்கே தேங்குவதே காரணம் என்று முடிவு கட்டியதுதான் பிசகு. 1866-இல் மறுபடி காலரா வந்தபோது அவரே தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

கேள்வி: எங்கள் காரியாலயப் பீரோவில் பத்து வருஷத்துப் பேரேடுகள் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கரையான் வருவதற்குள்.